ஒரு கையால் தூக்கக்கூடிய நாற்காலி

"நீ உன் வாழ்நாள்ல ஒரு நாற்காலியையாவது கண்ணால பாத்திருக்கியாம்மா?"

என்னிடம் ஒருவர் இப்படிக் கேட்டார். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் கேட்டார். நான் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வாயைத் திறக்க வேண்டும்.

வாய் விஷயத்தில் நான் சின்ன வயதிலிருந்தே கஞ்சம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டதும் அதனால்தான். ஆசிரியை பேர் வாசிக்கும்போது 'உள்ளேன்' என்ற ஒரு சொல் எனக்கு வராது. தினமும் மணி அடிப்பதற்கு முன்பே போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். பதிவேட்டின்படி அந்த வருடத்தில் பாதி நாள் நான் பள்ளிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. தலைமையாசிரியை கூப்பிட்டு விசாரித்தார். அப்போதும் பேசவில்லை. 'திமிர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மா என்னைத் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். மாமா இணையத்தில் சாமான் விற்கிறவர். மாடியில் இரண்டு அறை. ஒன்றில் மாமா, அத்தை, நான். இன்னொன்றில் பெட்டிகள். கொஞ்ச நாளில் பெட்டிகள் எங்கள் அறைக்கும் வந்துவிட்டன. நாங்கள் ஒதுங்கிப் படுத்துக்கொண்டோம்.

பெரிய கிடங்குகளில் விலைபோகாமல் தேங்கிய சரக்கை மாமா மொத்தமாக எடுப்பார். எல்லாம் ஒட்டு பிரிக்காத பெட்டிகள். கூடவே ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரியில் பேர், பக்கத்தில் தபால்தலை அளவில் ஒரு படம், அவ்வளவுதான். மாமாவின் தொழிலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. பெட்டியைத் திறக்கக் கூடாது.

"ஒட்டு கிழியலேன்னா புதுசு. கிழிஞ்சுதுன்னா பழசு. உள்ள என்ன இருக்குங்கறது வாங்கறவன் பாடு" என்பார்.

திறக்காமல் எப்படி விற்பது? அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பெட்டியை முதலில் தூக்கிப் பார்ப்பார். பிறகு காதோரம் வைத்துக் குலுக்குவார். கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொல்வார். "கண்ணாடி இல்ல. ரப்பர் வாசனை வருது. எழுது."

"டாக்டருக்குப் படிச்சிருக்க வேண்டிய மனுஷன்" என்பாள் அத்தை, பெட்டிகளுக்கு முகவரி ஒட்டிக்கொண்டே. "எத்தனை நோயாளிங்க தப்பிச்சாங்களோ."

நான் எழுதுவேன். அதுதான் என் வேலை. பட்டியலில் இருக்கும் ஒற்றை வரியை ஆறு வரியாக்கிக் கணினியில் ஏற்ற வேண்டும். குடை என்றிருந்தால், அந்தக் குடையின் கீழ் நிற்பவளுக்கு மழை பெய்வது பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி இருக்கும் என்று எழுதுவேன். கொதிகெண்டி என்றிருந்தால், அது கொதிக்கும் ஓசையில் வீடு விழித்துக்கொள்ளும் என்பேன். எந்தப் பொருளையும் நான் பார்த்ததில்லை. பார்க்காமல் எழுதுவதில் ஒரு வசதி இருந்தது. பொருள் குறுக்கே வராது.

அப்படித்தான் ஒரு நாள் பட்டியலில் 'நாற்காலி, சலூன், கறுப்பு, ஒன்று' என்று வந்தது. படத்தில் ஜம்மென்று ஒரு முடிவெட்டும் நாற்காலி. தலைச்சாய்ப்பு, கைப்பிடி, கால் வைக்கப் பலகை, கீழே பளபளவென்று வட்டத் தட்டு. மாமா பெட்டியைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அவர் கையே மேலே போய்விட்டது.

"என்ன இது, காத்தா இருக்கு?"

"பிரிச்சுப் பாக்கலாமே" என்றாள் அத்தை.

"வாயைக் கழுவு. இப்பெல்லாம் எல்லாமே லேசாத்தான் வருது. விமானத்துக்குப் போடற உலோகமா இருக்கும். மடிச்சு வெச்சிருப்பான். எழுது."

நான் எழுதியது இது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு ஒருவர் எனக்கே அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"சலூன் நாற்காலி. கறுப்பு நிறம். உட்கார்பவரின் களைப்பு முதலில் இறங்கும், பிறகுதான் முடி இறங்கும். எந்தப் பக்கமும் சுழலும். இடத்தை அடைக்காது. ஒரு கையால் தூக்கலாம். இதை வாங்கியவர் இன்னொரு நாற்காலியைத் திரும்பிப் பார்க்க மாட்டார்."

மூன்றே நாளில் விற்றுப்போனது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அந்த மனிதர் மாடிப்படி ஏறி வந்தார்.

ஏறி வந்தார் என்று சும்மா சொல்லிவிட முடியாது. அப்படி ஓர் உயரம். எங்கள் வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்கப் பாதியாக மடிந்து உள்ளே வந்தார். வந்த பிறகும் முழுசாக நிமிரவில்லை. சட்டைப்பையில் சீப்பு, கத்தரிக்கோலின் இரண்டு வளையங்கள். உள்ளங்கையில் எதையோ மூடி வைத்திருந்தார். அத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து கையைத் திறந்தார்.

உள்ளே ஒரு நாற்காலி இருந்தது. தலைச்சாய்ப்பு, கைப்பிடி, கால் பலகை, வட்டத் தட்டு எல்லாம் இருந்தன. செல்பேசியை நிறுத்தி வைக்கும் பொம்மை அது. பெரிய எலியாக இருந்தால் உட்காராது.

"சுத்துது, பாருங்க" என்று விரலால் சுண்டினார். சுற்றியது. "கால் பலகை தூக்குது, தலைச்சாய்ப்பு சாயுது. எல்லாம் பண்ணுது. உட்காரத்தான் முடியல."

மாமா தொண்டையைச் செருமினார். "அண்ணே, விளக்கத்துல அளவு எதுவும் நாங்க போடலியே."

"போடல. ஒரு கையால தூக்கலாம்னு போட்டிருந்தீங்க. நான் அதைப் பெரிய நாற்காலின்னு நெனச்சுல்ல அதிசயப்பட்டேன்! இது ரெண்டு விரலாலேயே வருது." செல்பேசியை எடுத்து நான் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இறக்க வேண்டிய இடத்தில் குரலை இறக்கி வாசித்தார். நானே அவ்வளவு நன்றாக அதைப் படித்ததில்லை. பெட்டிகளுக்குப் பின்னால் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"'உட்கார்பவரின் களைப்பு முதலில் இறங்கும்.' இந்த ஒரு வரிக்குத்தாங்க வாங்கினேன். யாரு எழுதினது?"

"அதுக்கு வெளியூர்ல ஆள் வெச்சிருக்கோம்ணே" என்றார் மாமா.

"வெளியூர் ஆள் அதோ பெட்டிக்குப் பின்னால நிக்குது" என்றாள் அத்தை.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நாற்காலியைப் பாத்திருக்கியாம்மா என்று. கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பெட்டி மறைத்ததால் அது அவருக்குத் தெரியவில்லை.

"அவ பேச மாட்டாண்ணே. எழுதறதோட சரி" என்று சொல்லி அத்தை அவருக்குத் தேநீர் கொடுத்தாள். "ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க காசைத் திருப்பித் தந்துடறோம்."

"காசு வேணும்னா நான் எதுக்குத் தங்கச்சி மாடி ஏறி வரேன்? புகார் பொத்தானை அமுக்கினா அதுவே வந்துடும். நாற்காலி வராதே."

மாமாவின் முகம் வெளுத்தது. அவர் பேரில் ஏற்கெனவே இரண்டு புகார்கள் இருந்தன. மூன்றாவதும் வந்தால் இணையத்தில் அவர் கடையை இழுத்து மூடிவிடுவார்கள்.

வந்தவர் தன் கதையைச் சொன்னார். பத்தொன்பது வருடமாக அவர் தன் மச்சானின் சலூனில் வேலை செய்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். நான்கு நாற்காலி போட்ட கடை. மச்சான் குள்ளம். நாற்காலிகளைத் தன் உயரத்துக்கு இறக்கி, ஏறாதபடி முடுக்கிவிட்டார். இவர் பத்தொன்பது வருடமும் வளைந்தே வெட்டினார். கடைக்கு வருகிறவர்கள் இவரை 'ஏணி' என்று கூப்பிடுவார்கள். போன சனிக்கிழமை மச்சான் எல்லோர் முன்னாலும், "ஏணி நிமிர்ந்து நின்னா ஒண்ணுக்கும் ஆகாது, சாஞ்சிருந்தாத்தான் உபயோகம்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"நான் கத்தரியை வெச்சுட்டேன். தனிக் கடை போடறேன்னேன். 'வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வா மச்சான், முதல் ஆளா உனக்குத்தான் சவரம். நீ பாக்காத நாற்காலியில உன்னை உட்கார வெக்கறேன்'னேன்."

"எல்லார் முன்னாலயுமா சொன்னீங்க?" என்றாள் அத்தை.

"எல்லார் முன்னாலயும்."

"அடக் கடவுளே."

"அவனும் சொன்னான். 'வரேன். உட்கார நாற்காலி இல்லேன்னா அப்படியே என்கூடத் திரும்பி வந்துடு. பழைய இடம் காலியாத்தான் இருக்கும்'னு." அவர் பொம்மை நாற்காலியைத் தேநீர்த் தட்டின் மேல் வைத்தார். "சரின்னு கையடிச்சுக் கொடுத்துட்டேன். நான் போயிடுவேன், எனக்கென்ன? பழகின இடம்தான். என் பொண்டாட்டிதான் மூணு நாளா என்கூடச் சிரிச்சுப் பேசறா. அது நின்னுபோயிடும்."

புது நாற்காலிக்குச் சொன்னால் பன்னிரண்டு நாள் ஆகுமாம். சாப்பாட்டு மேசை நாற்காலியைப் போட்டால், மச்சான் அதை ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாராம். அதில் ஆளை உட்கார வைத்தால் இவர் தரையைத் தொடும் அளவுக்கு வளைய வேண்டுமாம்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொத்தானை அமுக்க மாட்டேன். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லி எழுந்தார். வாசலில் மறுபடி மடிந்தார்.

அவர் தலை மறைந்ததும் அத்தை அலமாரியிலிருந்து பெட்டி அறுக்கும் கத்தியை எடுத்தாள்.

"ஏய், என்ன பண்ணப் போறே?"

"இத்தனை பெட்டியில சொன்னதைவிடச் சின்னதா ஒண்ணு வந்திருக்குன்னா, பெரிசா ஒண்ணாவது வந்திருக்காதா? எங்கேயாவது ஒரு நாற்காலி இருக்கும்."

"ஒட்டு கிழிஞ்சா பழசுடி!"

"கடையே போகப் போகுது. புதுசா இருந்து என்ன பண்ண?"

அன்று மத்தியானம் முழுக்க அத்தை அறுத்தாள், நான் பிரித்தேன், மாமா ஒவ்வொரு கிழிசலுக்கும் "ஐயோ" என்றார். நான் எழுதிய பொருள்களையெல்லாம் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். 'ஆறு பேருக்கான தட்டு வரிசை' என்பது ஆறு தட்டுகளின் படம் அச்சடித்த மேசைவிரிப்பு. 'மின்சவரக் கருவி' என்பது கம்பளித் துணியில் நூல்பிசிறு எடுக்கும் கருவி. அதை வைத்து "மழலையின் கன்னம்போல ஆகிவிடும்" என்று எழுதியிருந்தேன். யாராவது வாங்கியிருந்தால் அவர் கன்னம் என்னவாகியிருக்குமோ. பயணத்தில் கழுத்துக்கு வைக்கும் தலையணை மட்டும் சொன்னபடியே இருந்தது. மாமாவால் நம்ப முடியவில்லை. இரண்டு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

கடைசியாக 'ஒருவர் படுக்கும் மெத்தை'. சுருட்டி வைத்திருந்ததைப் பிரித்ததும் உப்பி விரிந்தது. நீளம் ஓர் ஆள் நீளம். அகலம் இரண்டு சாண்.

"படுக்கலாம், புரளக் கூடாது" என்றார் மாமா.

"கயித்து மேல நடக்கறவன் படுக்கற மெத்தை" என்றாள் அத்தை.

நாற்காலி கிடைக்கவில்லை. மடக்குக் கட்டில்கூட இல்லை. மறுநாள் காலை, கையை வீசிக்கொண்டு போகக் கூடாது என்று அந்த மெத்தையையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு முடிவெட்டுபவரின் புதுக் கடைக்குக் கிளம்பினோம். மெத்தையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் நானும் போனேன். மெத்தைக்குப் பின்னால் முகம் தெரியாமல் நடந்து போவது எனக்குப் பிடித்திருந்தது.

ஒற்றை அறைக் கடை. சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. எதிர்ச்சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. ஒரு பக்கம் தண்ணீர்க் குழாயும் தொட்டியும். பலகையில் சீப்புகள் உயர வரிசைப்படி அடுக்கியிருந்தன. தரையின் நடுவில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார். நாற்காலி வர வேண்டிய இடம். நாங்கள் எல்லோரும் அந்த வட்டத்தை மிதிக்காமல் சுற்றி நடந்தோம்.

"மெத்தையா?" என்றார்.

"படுக்க வெச்சு வெட்டலாமே" என்றார் மாமா.

"தரையில படுக்க வெச்சா நானும்ல பக்கத்துல படுக்கணும்?"

அவர் கை சும்மா இருக்கப் பழகாத கை. அத்தையின் பின்னல் நுனி பிளந்திருப்பதைப் பார்த்து, "நில்லு தங்கச்சி, நுனியை மட்டும் வெட்டி விடறேன்" என்றார். அத்தை கண்ணாடி முன்னால் நின்றாள். அவர் பின்னலை அவிழ்த்துத் தோளுக்கு மேல் தூக்கிச் சீப்பால் பிடித்து வெட்டினார். பிறகு கண்ணாடியில் பார்த்து, "காதோரமும் கொஞ்சம்" என்று அங்கேயும் வெட்டினார்.

நான் மெத்தைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். ஏதோ ஒன்று மாறியிருந்தது. எது என்று கண்டுபிடிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவர் நிமிர்ந்து நின்றார். நேற்று எங்கள் வீட்டிலும் இன்று இங்கேயும் கேள்விக்குறிபோல வளைந்து கிடந்த மனிதர், அத்தையின் தலை நெஞ்சுக்கு நேராக இருக்க, கம்பம்போல் நின்று வெட்டிக்கொண்டிருந்தார்.

சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. மெத்தையில் தொங்கிய அட்டையைக் கிழித்து, முகவரி எழுதும் பேனாவால் எழுதி மாமாவிடம் நீட்டினேன்.

"'நாற்காலி வேண்டாம். நிற்கட்டும்.'" மாமா வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு என்ன, மூளை கலங்கிப்போச்சா? சலூனுக்கு வந்தவன் எவனாவது நிப்பானா?"

முடிவெட்டுபவரின் கத்தரி பாதியில் நின்றது. அவர் தன் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். அப்படியே முதுகைத் தடவினார். சில்லறையைத் தொலைத்தவன் பையைத் தடவுவதுபோல இன்னொரு முறை தடவினார்.

"வலியைக் காணோம்" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் சும்மா இருக்கவில்லை. சவரம் செய்யத் தலை அசையாமல் இருக்க வேண்டும், அதற்குச் சாய்மானம் வேண்டும் என்றார் அவர். எல்லோரும் ஒரே நேரத்தில் மெத்தையைப் பார்த்தோம். அதைக் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, பலகை வைத்து ஆணி அடித்தார். உச்சியில் கழுத்துத் தலையணையை, ஆளுக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்க ஒரு கயிற்றில் கட்டினார். மாமாவைத்தான் முதலில் சாய்த்தோம். முணுமுணுத்துக்கொண்டே சாய்ந்தார். இரண்டு நிமிடத்தில் முணுமுணுப்பு நின்றது.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள் அத்தை.

"நின்னுக்கிட்டே படுத்திருக்கேன்டி" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமல்.

முடிவெட்டுபவர் செல்பேசியை எடுத்து, புகார் பொத்தானைத் தொடாமல் தாண்டிப் போனார். கருத்துச் சொல்லும் இடத்தில் அவரே எழுதினார்: "நாற்காலி நன்றாகச் சுற்றுகிறது. உட்காரக் கூடாது." நான்கு நட்சத்திரம் போட்டார்.

"வெள்ளிக்கிழமை அவன் வந்து சிரிச்சா இதெல்லாம் நிக்காது" என்றார் பிறகு. "'நாற்காலி இல்ல, கிளம்பு'ன்னுவான். கையடிச்சுக் கொடுத்திருக்கேன், போய்த்தான் ஆகணும். நாற்காலி வாங்க வக்கில்லாம நிக்க வெக்கறேன்னு ஊரே பேசும். அதுக்கு என்ன பண்றது?" கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வெளியூர் ஆளு, ஒரு போர்டு எழுதிக் குடு. இந்தத் தடவை பாத்துட்டு எழுது."

அன்று சாயங்காலம் வரை எழுதினேன். களைப்பு, மழலை, விமான உலோகம் எல்லாவற்றையும் அடித்தேன். அடித்து அடித்து மிஞ்சியது இதுதான்:

"இந்தக் கடையில் நாற்காலி இல்லை. முடிவெட்டும் சவரமும் நின்றபடிதான். பத்து நிமிடம் நிற்க முடியாதவர்கள் அடுத்த தெருவில் உள்ள சலூனுக்குப் போகவும். அங்கே நான்கு நாற்காலிகள் இருக்கின்றன."

அத்தை படித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஊமைக்கு இருக்கற கொழுப்பைப் பாருங்க" என்றாள் மாமாவிடம்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையில் இன்னும் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். மாமாவின் பெட்டிகளில் 'சுவர்க் கடிகாரம்' என்றிருந்தது, பிரித்தால் கடிகாரப் படம் போட்ட ஒட்டுத்தாள். மணி பத்து பத்து. காலிச் சுவர் நன்றாக இல்லை என்று அத்தை அதைக் கண்ணாடிக்கு மேலே ஒட்டிவிட்டாள்.

பத்து அடித்துச் சில நிமிடங்களில் மச்சான் வந்தார். குள்ளம்தான், ஆனால் நடை பெரிய நடை. பின்னாலேயே அவர் கடையின் நிரந்தர வாடிக்கையாளர்கள் நான்கு பேர், வேடிக்கை பார்க்க. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் துண்டுகளை மடிப்பவள்போல் நின்றுகொண்டேன்.

மச்சான் வாசலில் நின்று போர்டைப் படித்தார். உதடு அசையப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் உதடு நின்றது.

"ஏணி, நாற்காலி எங்கடா?"

"இல்ல மச்சான். அதான் எழுதியிருக்கே."

"அப்ப பேச்சு முடிஞ்சுது. கத்தரியை எடுத்துக்கிட்டு வா."

முடிவெட்டுபவரின் கை பலகையில் இருந்த கத்தரியை நோக்கிப் போனது. போகும்போதே தோள் குனிந்தது.

"கையடிச்சுக் கொடுத்தது நாற்காலியில உட்கார வெக்கறதுக்கு. சரிதான்" என்றாள் அத்தை. "சவரத்துக்கும்தானே கொடுத்தாரு? சவரம் பண்ணிக்காமலே கூட்டிட்டுப் போனா எப்படி?"

"நின்னுக்கிட்டா? நான் என்ன குதிரையா?"

"சேச்சே. குதிரை பத்து நிமிஷத்துக்கு மேலயே நிக்கும்."

நான்கு பேரில் ஒருவர், தலை நரைத்த தையல்காரர், அக்கறையாகச் சொன்னார்: "விடுங்க முதலாளி, உங்க வயசுக்கு முட்டி தாங்காது. நாம நம்ம கடைக்கே போயிடலாம். அங்க உட்காரலாம்."

"யாருக்குடா முட்டி தாங்காது?" மச்சான் உள்ளே வந்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பத்து பத்து. பத்து இருபதுக்கு முடியணும். ஒரு நிமிஷம் கூடினாலும் இவன் என்கூட வரான். எல்லாரும் பாத்துக்குங்க."

"பாத்துக்கறோம்" என்றாள் அத்தை, கடிகாரத்தைப் பார்க்காமல்.

மச்சான் மெத்தையில் சாய்ந்தார். முடிவெட்டுபவர் கயிற்றை இழுத்துத் தலையணையைக் கழுத்துக்குச் சரியாக நிறுத்தினார். வெந்நீர்த் துண்டை முகத்தில் போட்டு எடுத்தார். நுரையைக் குழைத்துக் கன்னத்தில் பூசினார். கத்தியைத் தீட்டும்போது அவர் தோள் இன்னும் குனிந்தே இருந்தது. முதல் இழுப்பு காதுக்குக் கீழே. இரண்டாவது இழுப்பில் தோள் ஏறியது. தாடைக்கு வரும்போது முழுசாக நிமிர்ந்துவிட்டார். பத்தொன்பது வருடமாக அவரைப் பார்த்துவந்த நான்கு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவ்வளவு உயரம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

"ஏணி என்னய்யா இப்படி வளந்துட்டாரு?" என்று ஒருவர் கிசுகிசுத்தார்.

கத்தி கன்னத்தில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதோடு இன்னொரு சத்தமும் சேர்ந்தது. நான் குழாயில் காற்று வருகிறது என்று நினைத்தேன். தையல்காரர்தான் கண்டுபிடித்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார். மச்சான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே, கை இரண்டும் தொங்க, முகவாய் மேலே தூக்கியிருக்க.

முடிவெட்டுபவர் அவசரப்படவில்லை. மேலுதடு, கழுத்து, காதோரம் என்று ஒவ்வொன்றாக முடித்தார். ஈரத் துண்டால் துடைத்தார். விழித்துக்கொள்ளாததால் மீசையையும் சரி செய்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் சொல்லப் போவதில்லை. வெயில் வாசற்படியில் இருந்து தண்ணீர்த் தொட்டி வரை வந்திருந்தது.

"மச்சான். முடிஞ்சுது."

மச்சான் கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஒரு நொடி விழித்தார். பிறகு சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பத்து. கன்னத்தைத் தடவினார். மறு கன்னத்தைத் தடவினார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்கூட ஆகல முதலாளி" என்றார் தையல்காரர். சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துபோயிற்று.

மச்சான் கண்ணாடிக்கு அருகில் போனார். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். கழுத்தை நீட்டித் தாடைக்கு அடியில் பார்த்தார். காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு முடியாவது விட்டுப்போயிருக்காதா என்று தேடும் முகம். அவருக்குப் பின்னால், கண்ணாடியிலேயே, முடிவெட்டுபவர் கையில் கத்தியோடு நிமிர்ந்து நின்றிருந்தார். கண்ணாடியில் அவருடைய தலை மச்சானின் தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளித் தெரிந்தது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மச்சான் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கும் முகம். நானும் துண்டை மடிப்பதை நிறுத்தியிருந்தேன்.

மச்சான் கழுத்தில் இருந்த துண்டைத் தானே எடுத்தார். அதை நான்காக மடித்துப் பலகையில், சீப்புகளுக்குப் பக்கத்தில், ஓரம் பிசகாமல் வைத்தார். பிறகு வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு, கூட வந்த நான்கு பேருக்காகத் திரும்பிப் பார்த்தார்.

தையல்காரர் ஏற்கெனவே மெத்தையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மற்ற மூவரும் சுவரோரமாக, ஒருவர் பின்னால் ஒருவர், வரிசையில் நின்றார்கள். யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை.

மச்சான் ஒரு கணம் நின்றார். பிறகு படியிறங்கி, வந்த தெருவிலேயே போனார்.